இருபத்தெட்டு அங்குலம்

தம்பி,

நான் உனக்குக் கடிதம் எழுதி எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியதே இல்லை. நீ வவுனியாவில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்த காலத்திலும், சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய் என்பதோடு தொலைபேசியில் நம் கதை முடிந்துவிடும். மிச்சத்தை அம்மா பேசுவார். இப்போது நீ நெளுக்குளத்தில் மனைவி வீட்டில் இருக்கிறாய். முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறோம். நான் சொல்லவேண்டியதைத் தொலைபேசியில் தொடங்கினால் நீ இடையில் 'பரவாயில்லை அப்பா' என்பாய், நானும் அதுதான் சாட்டென்று விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதில் எனக்குள்ள வசதி அதுதான். உன் தங்கச்சியின் கொப்பியிலிருந்து ஒற்றைகளைக் கிழித்து, குசினி மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உர மானியத்துக்கு மனு எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார்.

விஷயம் அந்தப் பெட்டி. பிளைவூட்டில் நாம் இருவரும் சேர்ந்து செய்த விளையாட்டுப் பெட்டி. உன் கலியாணம் முடிந்து நாலாம் நாள் அதை ஏற்றிப்போகச் சின்ன லொறி ஒன்றைக் கொண்டு வந்தாய். அது உன் அறை வாசலால் வெளியே வரவில்லை. வெறும் லொறியோடு திரும்பிப் போனாய். அது மாசியில் நடந்தது, இப்போது வைகாசி. முன்பு கிழமைக்குக் கிழமை வந்தவன் இந்த மூன்று மாதத்தில் ஒரு ஞாயிறுகூட இங்கே தர்மபுரத்தில் தலைகாட்டவில்லை. புது மாப்பிள்ளை, நாலு வீட்டு விருந்துக்குப் போகவேண்டும், அதுதான் வரவில்லை என்று அம்மா சொல்கிறார். கேட்பவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். ஆனால் நீ வராததற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். உனக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். பெட்டி ஏன் வெளியே வரவில்லை என்பதற்கு நான் ஊருக்குச் சொன்ன காரணம் பாதி பொய். மிச்சப் பாதியை இன்று எழுதிவிடுகிறேன்.

தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சரிவரும். போன ஐப்பசியில் காலபோக நெல் விதைப்பை முடித்துவிட்டு நான் சும்மா இருந்த நேரம். ஒரு சனிக்கிழமை நீ கிளிநொச்சியிலிருந்து எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் இரண்டை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாய். வீட்டுக்குச் சீலிங் அடிக்கப் போகிறாயாக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கேம் பெட்டி செய்யப்போகிறேன் என்றாய். ஆள் நின்று விளையாடுகிற உயரத்தில், மேலே திரை, இடுப்புக்கு மேல் கைப்பிடியும் பொத்தான்களும், உள்ளே உள்ளங்கை அளவு கணினிப் பலகை என்று கையால் காட்டினாய். எனக்கு உடனே கோபம் ஏறிவிட்டது. இருபத்தொன்பது வயது. கணினி திருத்துகிற கடையில் பொறுப்பான வேலை. நெளுக்குளத்தில் கலியாணப் பேச்சு நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் பெண் வீட்டார் வந்து பார்த்தால் மாப்பிள்ளை முற்றத்தில் நின்று விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருக்கிறார். நான் என்னவெல்லாம் ஏசினேன் என்று இங்கே திருப்பி எழுதத் தேவையில்லை. நீ முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாய். பிறகு, "ஏசி முடிஞ்சுதெண்டால் இந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ, மழை வரப்போகுது" என்றாய். நான் பிடித்தேன். என் ஏச்சுக்கு இந்த வீட்டில் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்ததற்குப் பெண் வீட்டார் மட்டும் காரணம் இல்லை. உனக்குப் பதினாறு வயது இருக்கும். சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து இந்தக் காணியில் தறப்பாள் கொட்டில் போட்டு இருந்த காலம். கிளிநொச்சியில் அப்போது ஒரு கேம் கடை திறந்திருந்தார்கள். நீ ரியூசனுக்கு என்று போய் அங்கே நிற்கிறாய் என்று ஒருவர் என் காதில் போட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கொழும்பிலிருந்து பழையதாகக் கொண்டுவந்த ஆளுயரப் பெட்டி ஒன்று உள்ளே நின்றது. அதன் முன்னால் நீ. உன்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பின்னாலிருந்து உன் சேட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்து, அத்தனை பேருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தாய். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் முன்னால், நீ பின்னால், இரண்டு சைக்கிளில் வந்தோம்.

அன்று என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. வீடு போனது, மாடுகள் போயின, காணி உறுதிகூட எங்கோ வழியில் விழுந்து போனது. உன் படிப்பு ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது, அதையும் நீ அந்தக் கடையில் விட்டுவிடுவாய் என்று பயந்தேன். அடித்ததற்காகப் பிறகு வருந்தினேன், ஆனால் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அடித்தது பிழை. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அன்று செய்தேன். அந்த ஏழெட்டுப் பேரும் ஏன் மூச்சுவிடாமல் நின்று பார்த்தார்கள் என்று நான் ஒரு கணம்கூடத் திரையைப் பார்க்கவில்லை. என் மகன் ஏதோ ஒன்றில் கெட்டிக்காரனாக இருந்திருக்கிறான். பிற பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள், தகப்பன் பார்க்கவில்லை. நீ கட்டங்கள் போட்ட தாளில் பெட்டியின் படத்தை வரைந்து என்னிடம் தந்தபோது இதுதான் என் நினைவுக்கு வந்தது. அதனால்தான் இரண்டாம் நாளே ஏசுவதை நிறுத்திவிட்டு மரம் அரிகிற வாளைத் தேடினேன். நீ அதை என் மனமாற்றம் என்று நினைத்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாயாம்.

வேலையை நாம் பிரித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். கிழமை நாட்களில் நீ வவுனியாவில். நான் உன் படத்தைப் பார்த்து வெட்டுவேன். சனி, ஞாயிறுகளில் நீ வந்து நான் வெட்டியதைத் திருத்துவாய். நான் தச்சன் இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இந்த வீட்டை மேசனோடு நின்று கட்டியவன் என்ற திமிர் மட்டும் உண்டு. இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றாகப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டச் சொல்லியிருந்தாய். நான் தனித்தனியாக வெட்டியதில் இடது பக்கத்தில் தாடை வீங்கியதுபோல் ஒரு வளைவு வந்துவிட்டது. நீ அரைநாள் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தாய். வீதியால் போனவர்கள் சாமி அறைக்கு அலுமாரியா, பேக்கரிக்குக் கண்ணாடிப் பெட்டியா என்று படலையில் நின்று விசாரித்தார்கள். கலியாணம் நடக்கப்போகிற வீட்டுக்குள் கறுப்புப் பெட்டி கூடாது என்று அம்மா பிடித்த பிடியில் நீ வாங்கி வந்த கறுப்புப் பெயின்ற் அப்படியே இருக்க, மயில் நீலத்துக்கு மாறினோம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்றரை மாதம் திங்கட்கிழமை காலையில் நீ பஸ் ஏறியதுமே நான் அடுத்த சனிக்கிழமையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். உனக்கும் எனக்கும் பேச ஒரு விஷயம் இருந்தது. அதற்கு முன்னால் அப்படி ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் பிளைவூட் ஊதிவிடும் என்று எல்லாத் துண்டுகளையும் உன் அறைக்குள் கொண்டுபோய் அங்கேயே பொருத்துவது என்று முடிவெடுத்தோம். பக்கப் பலகைகள் தயாராக இருந்தன. இரண்டையும் இணைக்கிற குறுக்குத் துண்டுகள்தான் வெட்ட மிச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நெளுக்குளத்துக் கலியாணமும் பேசி முற்றாகியது. எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போவான். இந்த வீடும் உன் தங்கச்சியின் பேரில் எழுதியாகிவிட்டது. தர்சினியும் பெண் வீட்டாருக்கு ஒரே பிள்ளை. நீ அங்கேதான் இருப்பாய் என்பது பேசாமலே முடிவான விஷயம். நானும் பளையிலிருந்து அம்மாவின் இந்தக் காணிக்கு இப்படித்தான் மாப்பிள்ளையாக வந்தேன். இதில் ஒருவருக்கும் குறை இல்லை. அன்று நான் வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லோரோடும் சிரித்துக் கதைத்தேன். மறுநாள் நீ வவுனியாவுக்குப் போன பிறகு குறுக்குத் துண்டுகளை வெட்ட உட்கார்ந்தேன். வெட்டுவதற்கு முதல் எழும்பிப்போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தேன்.

பஞ்சாங்கத்தில் மனையடிப் பலன் என்று ஒரு பக்கம் இருக்கும். வீட்டு அறை எத்தனை அடி இருந்தால் நல்லது, எத்தனை அடி இருந்தால் கூடாது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். உன் படத்தில் பெட்டியின் அகலம் இருபத்தைந்து அங்குலம். பஞ்சாங்கத்தில் இருபத்தைந்துக்கு நல்ல வார்த்தை இல்லை. இருபத்தெட்டுக்கு இருந்தது. அது அடிக்குச் சொன்னது, வீட்டுக்குச் சொன்னது. அதை அங்குலமாக்கி ஒரு கேம் பெட்டிக்கு வைத்துப் பார்த்த ஆள் இந்த வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாத் துண்டையும் இருபத்தெட்டு வரத்தக்கதாக வெட்டினேன். சனிக்கிழமை நீ வந்து அளந்தாய். திரும்பவும் அளந்தாய். ஏன் என்று கேட்டாய். பஞ்சாங்கத்தைக் காட்டினேன். உனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாய். திரைக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்துவிட்டது. அதை மறைக்கக் கறுப்பு மட்டை வெட்டி ஒட்டுவதிலேயே உன் ஞாயிற்றுக்கிழமை போனது. அப்போதுதான் நிமிர்ந்து, "வாசலாலை போகுமோ அப்பா?" என்று கேட்டாய். "போகும், போகும்" என்றேன். நீ நம்பினாய். வீடு கட்டியவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாய். பசை போடவேண்டாம், திருகாணி மட்டும் போதும், பிறகு கழற்றி ஏற்றவேண்டும் என்று. அந்தக் கிழமை நான் தனியே இருந்து ஒவ்வொரு பொருத்திலும் மரப்பசையை நிறையத் தடவி, அதற்கு மேல் திருகாணியை முடுக்கினேன். வழிந்த பசையைத் துணியால் துடைத்து, பெயின்ற் அடித்து மூடினேன். உறுதியாக நிற்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை திரையில் வெளிச்சம் வந்தது. அம்மா திருநீறு பூசி, ஒரு செவ்வரத்தம் பூவும் வைத்தார். நான் முதலில் கைப்பிடியைப் பிடித்து, எண்ணி இருபது முடிவதற்குள் தோற்றேன். அறுபத்திரண்டு வயதில் உள்ளங்கையில் கொப்புளம் வருமளவுக்கு விளையாடினேன் என்று வெளியில் சொல்ல வெட்கம். பந்து அடிக்கிறது, கார் ஓடுகிறது, பழம் பொறுக்குகிறது, தவளை தெருவைக் கடக்கிறது. எத்தனையோ விளையாட்டு. ஒரு நாள் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்தது, அந்தப் பட்டியலில் துவக்கால் சுடுகிற, குண்டு வருகிற விளையாட்டு அத்தனையையும் நீ இருந்து ஒவ்வொன்றாக அழித்தாய் என்று. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா குசினிக்குள் என்ன செய்துகொண்டிருந்தாலும் அதைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒதுங்கிவிடுவார் என்பது உனக்குத் தெரியும். நீ அதைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. நீ அந்தப் பட்டியலில் வேலை செய்த நேரம் நானும் பக்கத்தில்தான் கதிரையில் இருந்தேன். நீ எதையோ சேர்க்கிறாய் என்று நினைத்தேன். நீ விளையாடுவதையும் அப்போதுதான் பக்கத்தில் நின்று முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் கடையில் ஏன் ஒருவரும் பேசவில்லை என்பது எனக்குப் பதின்மூன்று வருஷம் கழித்து விளங்கியது.

லொறி வந்த நாளைப் பற்றி நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் நீயும் பெட்டியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தீர்கள். நேரே போகவில்லை. படுக்கவைத்துப் பார்த்தீர்கள், சரித்துப் பார்த்தீர்கள். முன்பக்கம் கைப்பலகை நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பக்கமாகத் திருப்பவும் வழியில்லை. ஜன்னலில் கம்பி. ஒரு அங்குலம், தலைகீழாக நின்றாலும் ஒரு அங்குலம் இடித்தது. கூட்டாளி ஒருவர் சிரித்தார். நான் உடனே மனையடிக் கதையை எடுத்துவிட்டேன்; எல்லோரும் சிரித்தார்கள், அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நீ மட்டும் சிரிக்காமல், பிரச்சினை இல்லை, கழற்றிக் கொண்டுபோவோம் என்று திருகாணிகளைக் கழற்றினாய். பதினெட்டையும் கழற்றிய பிறகும் பலகை அசையவில்லை. பொருத்துக்குள் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினாய். காய்ந்த பசைத் துணுக்கு ஒன்று விழுந்தது. அதை எடுத்துப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. திருகாணிகளை ஒன்றும் தவறாமல் திரும்பப் பூட்டினாய். "பரவாயில்லை அப்பா, இஞ்சையே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் லொறியில் ஏறினாய். உன் மாமி வீட்டில் அதற்காக விறாந்தை மூலையில் இருந்த கதிரைகளையெல்லாம் எடுத்து இடம் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போன மாதம் தங்கச்சி உன் அறையைக் கூட்டிக்கொண்டு நின்றவள், விளக்குமாற்றை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கோபமாக இல்லை, ஏதோ அரிசி முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிக் கேட்டாள்: "அந்த வாசல் நிலையை வைச்சது நீங்கள். அளவு உங்களுக்குத் தெரியாமலோ?"

தெரியும். வீடு கட்டிய நேரம் மரம் கிடைப்பது பெரும்பாடு. மற்ற வாசல்களுக்கு நிலை செய்து முடிக்க, உன் அறைக்கு முதிரை மரம் நீளம் போதாமல் போய்விட்டது. அதனால் அந்த வாசல் மட்டும் மற்றவற்றைவிட ஒடுக்கம். உள்ளளவு இருபத்தேழு அங்குலம். மேசன் சீமெந்து வைக்க, நூல்குண்டு பார்த்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். நான் என்னைப் பெற்ற அம்மாவின் திதியை மறந்தாலும் அந்த அளவை மறக்க வழியில்லை. பஞ்சாங்கத்தைப் பற்றியும் ஒன்றை உனக்குச் சொல்லாமல் விட்டேன். அதில் இருபத்தாறுக்கும் நல்ல பலன்தான் போட்டிருந்தது. இருபத்தாறாக வெட்டியிருந்தால் சாஸ்திரத்துக்கும் சரி, வாசலுக்கும் சரி. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இருபத்தெட்டுக்குப் போனேன்.

கை தவறிவிட்டது, வயது போய்விட்டது என்று சொல்லித் தப்பப் பார்க்கவில்லை. பெட்டி இங்கே நின்றால் நீ கிழமைக்கு ஒருதரம் வருவாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான். போனாலும் கிழமைக்கு ஒருதரம் வா தம்பி என்று கேட்டிருந்தால் நீ வந்திருப்பாய். எனக்குக் கேட்கத் தெரியவில்லை, மூன்று அங்குலம் கூட்டி வெட்டினேன். கடைசியில் பெட்டி நின்றது, நீ வரவில்லை. மூன்று மாதமாக நான் அந்த அறைக்குள் போனால் அது என் முகத்துக்கு நேரே நின்றது. மின்சாரம் கொடுத்து விளையாடிப் பார்க்கவும் மனம் வரவில்லை. இதற்குத் தண்டனை என்று பெயர் வைக்க மாட்டேன், அது பெரிய சொல். சங்கடம் என்று வைத்துக்கொள்.

தங்கச்சிக்கு ஓம், தெரியும் என்று சொன்னேன். வேறு யாருக்கும் இதுவரை சொல்லவில்லை. அவளுக்கு அடுத்தது நீ. அவள், நிலையைக் கழற்றுங்கள் என்றாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. நாள் பார்த்து வைத்த நிலையைக் கழற்றினால் வீட்டுக்கு ஆகாது என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கடைசியில் தங்கச்சி, "வீடு என்ரை பேரிலை. நான் சொல்லுறன், கழட்டுங்கோ" என்றாள். அவள் பேரில் எழுதியது நல்லதற்குத்தான் என்று அன்று பட்டது. மேசனைக் கூப்பிடவில்லை. நான் நிறுத்தியதை நானே எடுப்பது என்று உளியும் சுத்தியலுமாக இரண்டு நாள் பூச்சை உடைத்தேன். நிலை ஒரு கீறல் இல்லாமல் வந்தது. சுவர்தான் காயம் பட்டதுபோல் நிற்கிறது. அடுத்த வளவுக்காரரும் நானுமாகப் பெட்டியை நேற்று வெளியே எடுத்தோம். இப்போது அது விறாந்தையில் தறப்பாளால் சுற்றிக் கட்டப்பட்டு நிற்கிறது. புது நிலைக்குத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. மனையடி பார்த்து அளவு சொல்லவா என்று கேட்டார். ஆள் தாராளமாகப் போய்வரக்கூடியதாக இருந்தால் போதும் என்றேன்.

இந்தக் கடிதத்தில் புத்தி சொல்லும் யோசனை எனக்கு இருக்கவில்லை, ஆனால் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது இல்லாவிட்டால் நீ வேறு யாரோ எழுதியது என்று நினைப்பாய். அங்கே உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் தர்சினியிடம் வாயால் கேள். எதையாவது இப்படி ஒளித்துச் செய்து, அது நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. அவள் ஒன்றைக் கேட்டு உனக்குப் பதில் தெரிந்திருந்தால், தெரியும் என்று சொல். மனைவி வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நான் முப்பது வருஷத்துக்கு மேல் பழகிவிட்டேன். அது மரியாதை என்று அம்மா ஒரு நாளும் நினைக்கவில்லை; சிடுமூஞ்சி என்றுதான் நினைத்திருக்கிறார். அண்மையில்தான் சொன்னார்.

நான் இங்கே வந்த புதிதில் என் அப்பா பளையிலிருந்து மாதத்துக்கு ஒருதரம் என்னைப் பார்க்க வருவார். தேத்தண்ணீர் குடிப்பார், வயல் எப்படி என்று கேட்பார், முற்றத்தில் கொஞ்சம் நடப்பார். மகன் பெண் எடுத்த வீட்டில் தகப்பன் இராத் தங்கக்கூடாது என்று கடைசி பஸ்ஸுக்கு நேரம் வைத்து எழும்பிவிடுவார். நான் றோட்டுவரை கூடப் போவேன். நில்லுங்கோ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னாலும் நிற்கமாட்டார் என்று நானே தீர்மானித்துவிட்டேன். அவர் நின்றிருப்பாரா என்று இப்போது யாரிடம் கேட்பது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லொறி பிடித்துப் பெட்டியை நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன். தர்சினியின் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்து உங்கள் வாசலை அளந்து சொல்லச் சொன்னேன். முப்பத்தாறு அங்குலம், தாராளம். ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை, நீ விளக்கப்போகாதே. இறக்கி, மூலையில் நிறுத்தி, திரை வேலை செய்கிறதா என்று பார்த்து, நீ ஒருதரம் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு எழும்புவேன். நான் எழும்பும்போது நில்லுங்கோ என்று சொல். இல்லை, வயலில் தண்ணீர் பார்க்கவேண்டும் என்பேன். இரண்டாம் தரமும் சொல்.

அப்பா